நமுத்துப்போன முடிவு

எம்.ஈ. பட்டத்துக்கு என்னென்ன தேவை என்று கேட்டு வருகிற மாணவர்களுக்கு துறைக்குப் புதிய ஆசிரியராக வந்திருக்கிற நீங்கள் கையேட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டுகிறீர்கள். நானும் அப்படித்தான் காட்டிக்கொண்டிருந்தேன். இன்னின்ன பாடங்கள், ஒரு கருத்தரங்கு, ஓர் ஆய்வேடு, கடைசியில் வெளியூரிலிருந்து வருகிற தேர்வாளர் முன்னால் வாய்மொழித் தேர்வு. எந்திரவியல் துறையில் அன்றைக்கும் இதுதான், இன்றைக்கும் ஏறத்தாழ இதுதான். இதைப் படித்துப் புரிந்துகொள்ள யாருக்கும் ஒரு வழிகாட்டி வேண்டியதில்லை.

வழிகாட்டி வேண்டியிருப்பது ஆய்வேட்டின் இரண்டாவது பக்கத்தில். 'இது இந்த மாணவர் என் மேற்பார்வையில் உண்மையாகச் செய்த ஆய்வு' என்று ஒரு வாக்கியம் அங்கே இருக்கும். அதன் கீழே நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் அதை 'போனஃபைட் பக்கம்' என்போம். நின்றுகொண்டே, பேசிக்கொண்டே, காப்பியை ஒரு கையில் வைத்துக்கொண்டே அதில் கையெழுத்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்லவில்லை. எனக்கு அது வரவில்லை என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தைரியசாலி இல்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். துறையில் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அதை இங்கே எழுதுவதற்கில்லை. எனவே தைரியத்தைப் பற்றி ஏதாவது எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இது பயத்தைப் பற்றியது.

எழுபதுகளில் ஒரு கோடைக்காலம். அடையாறுப் பக்கத்தில் எங்கள் கல்லூரி. செமஸ்டர் முறை அப்போதுதான் வந்திருந்தது, எங்களில் பாதிப் பேருக்கு அது இன்னும் பிடிபடவில்லை. ஊரெல்லாம் மின்வெட்டு. சோதனைக்கூடத்துக்குச் சில மாதங்கள் மத்தியானத்தில் மின்சாரம் வரும், பிறகு அட்டவணையை மாற்றிக் காலையில் கொடுப்பார்கள். மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போது ஆய்வு. அதில் யாரும் யாரையும் கேட்க முடியாது.

என்னை மட்டுமே வழிகாட்டியாகப் போட்டு எனக்குக் கொடுத்த முதல் மாணவன் பொன்ராஜ். தியாகராய நகரில் அவன் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். பட்டணத்துக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் பேச்சு மாறவில்லை. மூத்த மகன் என்ன படித்தாலும் கடைசியில் கல்லாவுக்குத்தான் வரவேண்டும் என்பது அந்தக் கடைத்தெருவின் எழுதாத சட்டம். பொன்ராஜ் அழுது அடம்பிடித்து ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தான். படிப்புக்கு உரிய காலத்துக்குள் பட்டம் கைக்கு வந்தால் அவன் இஞ்சினியர், வராவிட்டால் கடை. பம்பு தயாரிக்கிற ஒரு கம்பெனியில் வடிவமைப்புப் பிரிவில் அவனுக்கு வேலையும் சொல்லி வைத்திருந்தார்கள். தாற்காலிகச் சான்றிதழை அந்தக் கோடைக்குள் கொண்டுவந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பருவத்தைத் தவறவிட்டால் வேலையும் போகும், அப்பாவின் வார்த்தையும் போகும்.

அவன் ஆய்வு எங்கள் கட்டடத்து மொட்டை மாடியில் நடந்தது. ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு மரக்கூண்டு. வெந்நீர் மேலேயிருந்து மரச்சட்டங்களின் மேல் வழிந்து இறங்கும். மின்விசிறி காற்றை இழுக்கும். தண்ணீரில் கொஞ்சம் ஆவியாகி, மீதித் தண்ணீர் ஆறிக் கீழே வரும். பெரிய தொழிற்சாலைகளில் நீங்கள் பார்க்கிற குளிர்விப்புக் கோபுரத்தின் குட்டி. சட்டங்களை வழக்கம்போல் நேர் வரிசையில் அடுக்குவதற்குப் பதிலாக மாற்றி மாற்றிச் சாய்த்து அடுக்கினால் தண்ணீர் இன்னும் நன்றாக ஆறும் என்பது பொன்ராஜின் யோசனை. செய்து பார்த்தான், ஆறியது. வரைபடத்தில் அவன் கோடு பழைய கோட்டுக்கு மேலே கம்பீரமாக நின்றது. தட்டச்சு முடிந்து, கருநீலக் காலிகோத் துணி அட்டையில் பொன்னெழுத்தோடு பிரதிகள் கட்டி வந்து என் மேஜையில் அமர்ந்தன. அடுத்த வாரக் கடைசிக்குள் நான் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மாடியில் வடாம் காய்ந்துகொண்டிருந்தது. காக்காய் ஓட்டுவது என் உத்தியோகம். குடை பிடித்துக்கொண்டு, மடியில் பொன்ராஜின் ஆய்வேட்டுக் கார்பன் பிரதியை வைத்துக்கொண்டு, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்.

"ஏன்னா, காத்து வந்துடுத்து. வடாத்தை உள்ள கொண்டு வாங்கோ. நமுத்துப் போயிடும்."

வருஷா வருஷம் கேட்கிற வார்த்தை. மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று எழுந்தால் உடம்புக்கு இதமாக இருக்கும், ஆனால் ஈரக்காற்று. வடாம் அதற்கு மேல் காயாது, ஏற்கெனவே காய்ந்ததுகூட நமுத்துப்போகும். மயிலாப்பூரில் இது குழந்தைக்கும் தெரியும். நான் எழுந்து, வடாம் பிழிந்திருந்த பழைய வேட்டியின் ஒரு மூலையைப் பிடித்தேன். மடியிலிருந்த காகிதங்கள் சரிந்தன. மேலே கிடந்த பக்கத்தில் இரண்டு அட்டவணைகள். நேர் வரிசைச் சட்டங்களைச் சோதித்தது மத்தியான மின்சாரம் வந்த மாதங்களில். பொன்ராஜின் சாய்வு வரிசையைச் சோதித்தது காலை மின்சாரம் வந்த மாதங்களில்.

வேட்டி மூலையைப் பிடித்தபடியே நின்றேன். வடாம் எப்படிக் காய்கிறதோ அப்படித்தான் அந்தக் கூண்டில் தண்ணீர் ஆறுகிறது. ஈரம் காற்றோடு போக வேண்டும். காற்றே ஈரமாக இருந்தால் எங்கே போகும்? பழைய வரிசையை நாங்கள் கடற்காற்றில் சோதித்தோம், புதிய வரிசையை உலர்ந்த தரைக்காற்றில் சோதித்தோம். காற்றின் ஈரத்தை அளக்காமல் இல்லை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியை மாடிப்படிக்கு மேலே இருந்த மூடிய அறையில் மாட்டியிருந்தோம். பொன்ராஜ் வேலை தொடங்கும்போது ஒருமுறை பார்த்து எழுதிக்கொள்வான். அது போதும் என்று எங்கள் பாடப்புத்தகம் சொல்லியிருந்தது. அந்தப் புத்தகம் எழுதப்பட்ட ஊரில் மத்தியானத்தில் காற்று மாறுவதில்லை போலிருக்கிறது.

அப்படியானால் அந்தக் கம்பீரமான கோடு பொன்ராஜின் சட்டங்களால் வந்ததா, காற்றால் வந்ததா? வடாத்தை அள்ளிக்கொண்டு கீழே போனேன். பாதி வடாம் படியிலேயே சிந்திவிட்டது என்று வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு விஷயம்.

அன்றே தியாகராய நகருக்குப் பஸ் ஏறினேன். முகூர்த்த காலம் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருந்தது. உள்ளே கால் வைக்க இடமில்லை. பொன்ராஜின் அப்பா கல்லாவை விட்டு எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சார், வாங்க. தம்பியோட சாரு வந்திருக்காவ, ஒரு கலர் உடைச்சிக் குடுங்கப்பா," என்றார். பிறகு என்னைக் கடை வாசலுக்கே திரும்ப அழைத்துப் போய் மேலே காட்டினார். புதிதாக எழுதிய பெயர்ப்பலகை. கடைப் பெயருக்குக் கீழே உரிமையாளர்கள் என்று அவர் பெயரும் மகன் பெயரும். மகன் பெயருக்குப் பின்னால் ஒரு முழ நீளத்துக்கு வெறும் பச்சை வண்ணம்.

"அந்த இடம் எதுக்குத் தெரியுமா சார்? எம்.ஈ.ன்னு எழுத. பெயின்டர்கிட்ட சொல்லி விட்டு வச்சிருக்கேன். வேற ஊர்ல வேலைக்குப் போனாலும் பேரு இங்கன இருக்கும்லா."

அந்த ஆரஞ்சு கலர் சோடாவை நான் எப்படிக் குடித்து முடித்தேன் என்று தெரியவில்லை.

பொன்ராஜைத் தனியாக மாடிப்படிக்கு அழைத்துப் போனேன். இரண்டு பக்கமும் சேலைப் பொதிகள். குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னேன். கெட்டிக்காரன், பாதியிலேயே புரிந்துகொண்டான். முகம் வெளுத்தது. கொஞ்ச நேரம் ஒரு பொதியின் கயிற்றை இழுத்து இழுத்து விட்டான்.

"சார், இது வேற யாருக்கும் தெரியாதுல்லா?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே, பொன்ராஜ்."

"எக்ஸ்டர்னலுக்குத் தெரியாது சார். அவரு ஊர்ல கடலே கிடையாதுல்லா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. அவன் சொன்னது சரிதான். தேர்வாளர் நாட்டின் நடுவிலிருந்து வருகிறவர். கண்டுபிடிக்க வழியே இல்லை. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. யாராவது கண்டுபிடிப்பார்கள் என்றால் பயப்படுவதற்கு ஓர் ஆள் இருக்கும். இங்கே அதுவும் இல்லை.

"ஒருவேளை நம்ம பயம் தப்பா இருக்கலாம்," என்றேன். "உன் சட்டம் நிஜமாவே நல்லா இருக்கலாம். காலையில ஆரம்பிச்சு, காத்து மாறுற வரைக்கும் நிறுத்தாம ஓட்டிப் பார்ப்போம். காத்து மாறினதுக்கு அப்புறமும் தண்ணி அதே மாதிரி ஆறினா, அன்னிக்கே கையெழுத்துப் போடறேன்."

"ஆறலைன்னா?"

"முதல்ல ஓட்டிப் பார்ப்போம்," என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

காலையிலிருந்து மத்தியானம் வரை விடாமல் ஓட்ட மின்சாரம் கிடையாது. என்ஜின் கூடத்தில் ஒரு டீசல் ஜெனரேட்டர் இருந்தது, அதற்குத் துறைத்தலைவரின் அனுமதி வேண்டும். திங்கட்கிழமை பொன்ராஜையும் அழைத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். அதிகம் பேசாதவர். நான் உளறிக்கொட்டிய எல்லாவற்றையும் கண்ணாடியைத் துடைத்தபடியே கேட்டார். நீ கையெழுத்துப் போடு என்றோ, போடாதே என்றோ ஒரு வார்த்தை சொல்லிவிடுவார், பாரம் இறங்கிவிடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

"ஜெனரேட்டரை ஒரு நாள் தாராளமா எடுத்துக்குங்க," என்றார். "ஒண்ணு மட்டும். தப்புன்னு தெரிஞ்சா என்ன செய்யப் போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. அப்புறம் ஸ்விட்சைப் போடுங்க. ரீடிங்கைப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு நினைச்சா, ரீடிங்கே வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சுடும்."

அவ்வளவுதான். மறுபடியும் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு அவர் மேல் கோபமாகக்கூட வந்தது. மூத்தவர் என்று எதற்கு இருக்கிறார்?

வெளியே நடையில் நின்றோம். பொன்ராஜே வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தேன். இந்தப் பையனின் பிழைப்பு, இவன் அப்பாவின் பச்சைப் பலகை, எல்லாம் என் ஒரு சந்தேகத்தில் தொங்குகிறதே, நான் ஏன் அந்த வடாத்துக்குக் காவல் இருந்தேன் என்று நினைத்தேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

"தப்புன்னா தப்புன்னே எழுதிருதேன் சார்," என்றான் கடைசியில். "ஆனா நீங்க என் கூட மாடியிலயே இருக்கணும். தனியா இருந்தா நான் எப்படி நடந்துக்கிடுவேன்னு எனக்கே தெரியல."

மறுநாள் காலை ஓட்ட ஆரம்பித்தோம். வெப்பமானியை மூடிய அறையிலிருந்து எடுத்துக் கூண்டுக்குப் பக்கத்தில் நிழலில் மாட்டினோம். கீழே பாய்லரைப் பார்த்துக்கொள்ளக் கன்னியப்பன் இருந்தார். அடையாற்றங்கரைக் குடியிருப்பிலிருந்து வருகிறவர். தரைக்காற்று அனலாக வீசியது. தண்ணீர் அழகாக ஆறி இறங்கியது. பொன்ராஜ் அளவைச் சொல்வான், நான் எழுதுவேன். அவன் கோடு அப்படியே இருந்தது.

மாடிக் கைப்பிடியில் என் கைக்குட்டையைக் கட்டி வைத்திருந்தேன். அது கடலைப் பார்த்தே படபடத்துக்கொண்டிருந்தது. காற்று மாறினால் அது திரும்பும். உச்சிப்பொழுது ஆனது, திரும்பவில்லை. அதற்கு மேலும் ஆனது, திரும்பவில்லை. சில நாட்களில் தரைக்காற்று ஓங்கி அடித்தால் கடற்காற்று ஊருக்குள் நுழைய முடியாமல் வெளியிலேயே நிற்கும். அன்றைக்கு அப்படி ஒரு நாளாக இருந்துவிட்டால்? எங்களுக்கு அந்த ஜெனரேட்டர் அன்று ஒரு நாள்தான்.

கன்னியப்பன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார்.

"இன்னா சார் இது, காத்தே காணோம். ஊரே வெந்துகினு கீது. நம்ம குப்பத்துல எல்லாம் ஆத்தோரம் போயி குந்திகினு கீறாங்கோ."

"வரும், வரும்," என்றேன்.

"வந்தா தேவல சார். உங்க ரெண்டு பேரு மூஞ்சியும் பாக்கவே முடில."

அவர் இறங்கிப் போனதும் பொன்ராஜ் மெதுவாகச் சொன்னான். "ஊரு பூரா காத்து வரணும்னு வேண்டிக்கிட்டு இருக்கு. நான் மட்டும் வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு இருக்கேன் சார்."

நானும் அதையேதான் வேண்டிக்கொண்டிருந்தேன். கூடவே, காற்று வராமலே போய்விட்டால் தெரியாமலேயே கையெழுத்துப் போட வேண்டியிருக்குமே என்று வந்துவிடவும் வேண்டிக்கொண்டிருந்தேன். அப்படியொரு வேண்டுதலை எந்தத் தெய்வமும் ஏற்றுக்கொள்ளாது.

முதலில் வாசனைதான் வந்தது. கடலோரத்து ஊரூர் குப்பத்தில் காய்கிற கருவாட்டு வாசனை. கைக்குட்டை தொய்ந்து, கைப்பிடியில் ஒட்டிக்கொண்டு, பிறகு எங்கள் பக்கமாகத் திரும்பி நீண்டது. கீழே யாரோ கதவைத் திறந்து வைத்து "அப்பாடா" என்றது மாடி வரை கேட்டது. என் சட்டைக்குள் குளிர்ச்சி புகுந்தது. உடம்பு சுகப்பட்டது, மனசு நடுங்கியது.

பொன்ராஜ் கூண்டின் அடியில், ஆறி வருகிற தண்ணீரில் வைத்த வெப்பமானி முன்னால் குனிந்திருந்தான். அவன் முதுகுதான் எனக்குத் தெரிந்தது, அளவு தெரியாது. அவன் எதைச் சொன்னாலும் நான் எழுதியிருப்பேன். வெகு நேரம் குனிந்தே இருந்தான்.

"ஏறுது சார்," என்றான்.

பிறகு ஒவ்வோர் அளவாகச் சொன்னான். குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. தண்ணீர் சூடாகிக்கொண்டே போய், பழைய நேர் வரிசை எந்த இடத்தில் நின்றதோ கிட்டத்தட்ட அங்கேயே வந்து நின்றது. அந்தக் கம்பீரமான கோடு சட்டத்தால் வந்ததில்லை, காற்றால் வந்தது.

கட்டிய பிரதிகளைப் பிரித்தோம். புதிதாக ஓர் அத்தியாயம் தட்டச்சாகிச் சேர்ந்தது. முன் அத்தியாயத்தில் சொன்ன ஒப்பீடு செல்லாது, காரணம் இது என்று பொன்ராஜே எழுதினான். கடைசி நாளில் கையெழுத்துப் போட்டேன். இவ்வளவு உண்மையாக இருந்ததற்குப் பரிசாகத் தேர்வாளர் அவனைத் தூக்கிவிடுவார் என்று எனக்கு ஓர் ஆசை இருந்தது. அவர் வந்தார், கனிவான மனிதர். கடற்காற்றைப் பற்றி ஆர்வமாகக் கேள்வி கேட்டார். கேட்டுவிட்டு, "எது தவறு என்று சொல்லிவிட்டாய். எது சரி என்று சொன்னால்தான் பட்டம். இரண்டு வரிசையையும் ஒரே வேளையில் சோதித்துவிட்டு அடுத்த பருவத்தில் வா," என்றார். அவர் சொன்னதில் குறை காண எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பம்பு கம்பெனி வேறு ஆளை எடுத்துக்கொண்டது.

சில நாள் கழித்துப் பொன்ராஜின் அப்பா என் அறைக்கு வந்தார். அவர் வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்ததும், பின்பக்கமாக எங்காவது போய்விடலாமா என்று யோசித்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், நீங்க பேசாம கையெழுத்துப் போட்டிருந்தா தம்பிக்குப் பட்டம் வந்திருக்கும்னு சொல்லுதாவ. நெசமா?"

"நெசம்தான்."

"பின்னே ஏன் சார்?"

எனக்குத் தெரிந்த தமிழில், கூண்டையும் காற்றையும் வடாத்தையும் எல்லாம் கலந்து சொன்னேன். பாதி புரிந்திருக்காது என்று நினைத்தேன்.

"கடையில டியூப்லைட் வெளிச்சத்துல சேலை ஒரு கலராத் தெரியும் சார். விவரமான பொம்பளைக வாசலுக்குக் கொண்டுபோயி வெயில்ல விரிச்சுப் பாப்பாங்க. நான் வேண்டாம்னு சொன்னதே கிடையாது." நிறுத்தினார். "ஆனா வாசலுக்குக் கொண்டுபோனவங்கள்ல பாதிப் பேரு வாங்காமப் போயிருவாங்க. அதுவும் உண்டு."

மன்னிப்புக் கேட்க முடியவில்லை. தலையை ஆட்டினேன். கதவு வரை போனவர் திரும்பினார்.

"போர்டுல அந்த இடம் அப்பிடியே கெடக்கட்டும். தீவாளி யாவாரத்துக்கு மட்டும் அவன் கடையில நிக்கணும், சொல்லிருங்க."

அடுத்த பருவத்தில் பொன்ராஜ் பட்டம் வாங்கினான். சாய்வு வரிசையால் ஆதாயம் ஒன்றுமில்லை என்பதுதான் அவன் முடிவு. அப்படி ஒரு முடிவோடு எங்கள் துறையில் பட்டம் வாங்கியது அவன்தான் முதல். ஆனால் அதற்குள் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. கொஞ்ச நாளைக்கு என்று கல்லாவில் உட்கார்ந்தான். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை.

நான் அன்று செய்தது சரிதானா என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு நல்ல வடிவமைப்பாளர் அந்தக் கம்பெனிக்குக் கிடைக்காமல் போனார் என்பது எனக்குத் தெரியும். அது என் சந்தேகத்தால்தான் என்பதும் தெரியும். எத்தனையோ நாள் படுக்கையில் புரண்டிருக்கிறேன். மறுபடி அதே நிலை வந்தால் வேறு மாதிரி செய்வேனா என்று கேட்டால், மாட்டேன். அதற்காக நிம்மதியாக இருக்கிறேன் என்று அர்த்தமில்லை. இந்த இரண்டும் ஒருவனுக்குள் ஒரே சமயத்தில் இருக்க முடியும் என்பதை யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதனால் உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள், மனைவிக்குச் சேலை எடுக்க அந்தக் கடைக்குப் போனேன். வாசலில் பலகை. பச்சையில் விட்ட இடத்தில் எம்.ஈ. என்று மஞ்சள் எழுத்து, கொஞ்சம் பெரிதாகவே. கல்லாவில் பொன்ராஜ் இல்லை. மாடியில் இருக்கிறார் என்றார்கள். அந்தத் தெருவில் அப்போதுதான் ஒவ்வொரு கடையாகக் குளிர்சாதனம் வைக்க ஆரம்பித்திருந்தார்கள். மொட்டை மாடியில் புதிதாக ஒரு குளிர்விப்புக் கோபுரம். அதன் பக்கத்தில் கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் வியர்த்து வழிய நின்றார், நிறுவிய கம்பெனிக்காரர். காலையிலிருந்து ஓட்டிக் காட்டியாயிற்றாம், எல்லா அளவும் சொன்னபடியே வந்துவிட்டதாம். ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்து மட்டும்தான் பாக்கியாம்.

"உக்காருங்க சார், சாப்பிட்டுட்டு வாங்க," என்று பொன்ராஜ் அவரிடம் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "மத்தியானம் காத்து மாறட்டும். அதுக்கப்புறம் எனக்கு ஒருக்கா ஓட்டிக் காட்டுங்க."

என்னைப் பார்த்ததும் சிரித்தான். கம்பெனிக்காரர் சலித்துக்கொண்டே கீழே போனார். நாங்கள் இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றோம். கைப்பிடிச் சுவரின் கம்பியில் ஒரு கைக்குட்டை கட்டியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அது தொய்ந்தது. பிறகு எங்கள் பக்கமாகத் திரும்பியது. கீழே தெருவில் கூட்டம் முழுக்க லேசாக மூச்சுவிட்ட மாதிரி இருந்தது.

"இப்பவும் பயமாத்தான் இருக்கு சார்," என்றான் பொன்ராஜ்.

"எனக்கும்தான்," என்றேன்.

அவன் குனிந்து வெப்பமானியைப் பார்த்தான். நான் பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.